அறுபத்துநாலு ஜிபியில் எட்டுப் பேர் சாமான்

துபாய் வேலையை முடித்துக்கொண்டு நான் தூத்துக்குடிக்கு வந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. இத்தனை நாளில் என் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு ஆள் கேட்டதில்லை. போன மாதம் ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தபோது பங்குச்சாமியார் என் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். ஏதோ கோயில் கமிட்டி விவகாரம் என்று நினைத்து நானும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டேன். அவர் குரலைத் தாழ்த்தி, "லாரன்ஸ், அக்கா மகனுக்கு ஒரு லேப்டாப் எடுக்கணும். எட்டு ஜிபி போதுமா, பதினாறு வேணுமா?" என்றார்.

பர் துபாயில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் இருபத்தாறு வருஷம் நின்றவனிடம் வேறு என்னதான் கேட்பார்கள்? மீன் வாங்கப் போனால் மீன்காரம்மா கேட்கிறாள். பல் பிடுங்கப் போனால், வாயில் மரப்பு ஊசி போட்டுவிட்டு டாக்டர் கேட்கிறார், நான் விரலைக் காட்டிப் பதில் சொல்கிறேன். எனக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ராஜ்குமார். அந்தக் கடையில் என்னோடு பல வருஷம் நின்றவர், இன்னும் நிற்கிறார், போனில் கூப்பிட்டார். மெமரி விலை மறுபடி ஏறிவிட்டதாம். விலை குறைந்த லேப்டாப்புகளில் மெமரியைக் குறைத்து, வெளிப்பெட்டியை மட்டும் பளபளப்பாக அனுப்புகிறார்களாம். "பழையபடி ஆரம்பிச்சுட்டாங்க அண்ணாச்சி. அந்த சோனாப்பூர் கேஸை எழுதி வையுங்க, கவுண்டர்ல ஒட்டி வைக்கிறேன்" என்றார். கவுண்டரில் ஒட்டுகிற நீளத்தில் எனக்கு எழுத வராது. வந்த வரைக்கும் எழுதுகிறேன்.

என் படிப்பு, பயிற்சி எல்லாம் நாலு வரிதான். தூத்துக்குடியில் டிவி ரிப்பேர் கற்றேன். புஜைராவில், துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கம்பெனியில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டேன். உப்புக்காற்று எந்த மெஷினையும் விடாது என்பதை அங்கே தெரிந்துகொண்டேன். பிறகு பர் துபாய் வந்து மீரான் காக்காவிடம் சேர்ந்தேன். நான் வேலை தெரிந்தவன் ஆனது அதன் பிறகுதான்.

காயல்பட்டினத்துக்காரர்கள் அண்ணனைக் காக்கா என்பார்கள். மீரான் காக்கா எங்கள் கடைக்கு மேனேஜர். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் ஒரு கறுப்பு மார்க்கர், மூக்கின் நுனியில் கண்ணாடி. சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. தப்புச் செய்தால் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார், அவ்வளவுதான். அந்தப் பார்வைக்கு இரண்டு திட்டு வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவருக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. முதலாவது, நாற்காலி. கவுண்டருக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலியும் மேசையும் கிடக்கும். வாங்க வந்தவர் யாராக இருந்தாலும் அதில் உட்கார்த்துவார். "ஒரு சாதாரண நாள்ல நீங்க எதெல்லாம் திறப்பீங்களோ எல்லாத்தையும் திறங்கோ. மூடாதீங்கோ" என்பார். மெயில், பாட்டு, பிள்ளையின் ஆன்லைன் வகுப்பு, ஊர் செய்தி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்துகொண்டே போகும். நாங்கள் எல்லாரும் திரையைப் பார்ப்போம். காக்கா வாங்க வந்தவரின் விரலைப் பார்ப்பார். ஒரு தடவை தட்டி, அது திறக்காமல், அந்த ஆள் தன்னை அறியாமலே இரண்டாவது தடவை தட்டினார் என்றால் காக்கா எழுந்துவிடுவார். "ரெண்டாம் தட்டு விழுந்துடுச்சு. இது இவருக்கு ஆகாது" என்று அந்த மாடலை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

ஒரு முறை ஒரு நர்ஸம்மா, எங்கள் கடற்கரைப் பக்கம்தான், ஜெசிந்தா என்று பெயர், இருப்பதிலேயே சின்னதைக் காட்டி அதுதான் வேண்டும் என்று நின்றார். நாலு ஜிபி மெமரி. நாற்காலியில் உட்கார்ந்து மூன்றாவது ஜன்னல் திறக்கும்போதே இரண்டாம் தட்டு விழுந்துவிட்டது. காக்கா தர மாட்டேன் என்றார். "நீங்க யாவாரியா, வாத்தியாரா?" என்று சண்டை பிடித்துக்கொண்டு அந்தம்மா இறங்கிப் போனார். அரை மணி கழித்துத் திரும்பி வந்து, "அடுத்த கடையில உக்கார நாற்காலியே இல்லை" என்றார். எட்டு ஜிபி கொடுத்தோம். அடுத்த மாதம் அவருடைய டூட்டியில் உள்ள நாலு நர்ஸுகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

மெமரிக்கும் ஸ்டோரேஜுக்கும் வித்தியாசம் தெரியாமல்தான் பாதிப் பேர் வருவார்கள். கட்டட வேலைக்காரர்கள் ஒரு ரூமில் எட்டுப் பேராகத் தங்கும் கேம்ப்பில் இருந்து வருபவர்களுக்கு நான் ஒரு விளக்கம் வைத்திருந்தேன். மெமரி என்பது ரூமில் உள்ள கட்டில், ஒரே நேரத்தில் எத்தனை பேர் படுக்கலாம் என்பது. ஸ்டோரேஜ் என்பது கட்டிலுக்கு அடியில் தள்ளி வைக்கிற பெட்டி. பெட்டி பெரிசாக இருந்தால் ஆள் படுக்க இடம் வந்துவிடாது. இதைச் சொன்னால் உடனே தலையாட்டுவார்கள். பெட்டிக்கும் கட்டிலுக்கும் இடையில் வாழ்கிறவர்களுக்கு இது விளங்காமல் போகுமா?

காக்காவின் இரண்டாவது வழக்கம், புது மாடல் வந்தால் விற்பதற்கு முன்னால் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டுத் திறப்பது. விலை குறைந்தவற்றில் மெமரியை உள்ளே உள்ள மதர்போர்டுப் பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிடுவார்கள். அதற்கு மேல் ஒன்றும் ஏற்ற முடியாது. சிலவற்றில் மட்டும் பக்கத்தில் ஒரு காலி ஸ்லாட் விட்டிருப்பார்கள். அந்த இடத்தில் இன்னொரு மெமரித் துண்டைச் செருகலாம். இதைக் கம்பெனிக்காரன் பெட்டியில் ஒழுங்காக எழுத மாட்டான். காக்கா திறந்து பார்த்து, அந்த மாடல் இருக்கும் அலமாரித் தட்டின் விளிம்பில் மார்க்கரால் குறி போடுவார். ஸ்லாட் இருந்தால் வட்டம், இல்லாவிட்டால் பெருக்கல் குறி. குறி இல்லாத மாடலை விற்கக் கூடாது. அது சட்டம்.

அந்தச் சட்டத்தை நான் மீறினேன். காக்கா ஒரு மாதம் லீவில் ஊருக்குப் போயிருந்த சமயம் அது.

வெயில் கொளுத்திய ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லையா கடைக்கு வந்தார். கமுதிப் பக்கம் ஒரு கிராமம். சோனாப்பூர் கேம்ப்பில் இருந்தார், கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை. எனக்கு ஏற்கெனவே பழக்கம், அவருடைய போனுக்கு இரண்டு தடவை நான் உயிர் கொடுத்திருக்கிறேன். மகள் பவித்ரா காலேஜில் கடைசி வருஷம், கம்ப்யூட்டர் படிப்பு. ரூமில் உடன் இருக்கும் கருப்பையா செவ்வாய்க்கிழமை லீவில் ஊருக்குப் போகிறார், அவர் கையில் மகளுக்கு ஒரு லேப்டாப் கொடுத்துவிட வேண்டும்.

"கையில உள்ளதுக்கு எது வருமோ அதக் குடுங்கண்ணே" என்றார்.

அவர் கையில் உள்ளதற்கு வந்தது அன்றைக்குக் காலையில் இறங்கியிருந்த ஒரு புது மாடல்தான். நாலு ஜிபி மெமரி, அறுபத்துநாலு ஜிபி ஸ்டோரேஜ். அலமாரி விளிம்பில் குறி இல்லை. திறந்து பார்க்க எனக்கு நேரம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். இணையத்தில் பார்த்ததில், கூடுதல் மெமரி ஏற்ற முடியாது என்று இருந்தது. அதை நம்பி, "இதுல மேல ஏத்த முடியாது செல்லையா, உள்ளதுதான்" என்றேன். நாற்காலியில் யாரை உட்கார்த்துவது? பயன்படுத்தப் போகிற பெண் கமுதியில் இருக்கிறாள். செல்லையா தன் போனை எடுத்துக் காட்டி, "இதுவும் அறுபத்துநாலுதான்ணே, நல்லாத்தான் ஓடுது" என்றார். போனும் லேப்டாப்பும் ஒன்றில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரிசையில் நின்ற இன்னொருவர் கூப்பிட்டார். பில்லைக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அதற்கு அடுத்து மூன்றாவது சனிக்கிழமை காக்கா லீவு முடிந்து வந்தார். மறுநாள் ஞாயிறு, செல்லையா கடை வாசலில் நின்றார். உள்ளே வராமல் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று என்னையே பார்த்தார். நானே எழுந்து போய்க் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன்.

"நீங்க குடுத்தது சரியில்லன்னு சொல்ல வரலண்ணே," என்று ஆரம்பித்தார். அப்படி ஒருவர் ஆரம்பித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

விஷயம் இதுதான். சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி பவித்ராவின் காலேஜில் ஆள் எடுக்கிறது. முதல் சுற்று ஆன்லைன் தேர்வு, வருகிற ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் இருந்தே எழுத வேண்டும். கேமரா ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், திரையையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மூன்று தடவை தொடர்பு அறுந்தால் ஆள் வெளியே. முந்தின நாள் மாதிரித் தேர்வு வைத்திருக்கிறார்கள். பவித்ராவுக்கு இருபது நிமிஷத்தில் மூன்று தடவையும் அறுந்துவிட்டது. தேர்வு நிரல் ஏதோ அப்டேட் கேட்கிறது, அதை இறக்க இடம் இல்லை என்கிறது. காலேஜ் லீவு, லேப் பூட்டியிருக்கிறது. தோழிகளிடம் கடன் வாங்கலாம் என்றால் அவர்களும் அதே நேரத்தில் அதே தேர்வை எழுதுகிறார்கள்.

"வேற மாத்திக் குடுத்துருவோம்" என்றேன் நான்.

செல்லையா தலையைச் சொறிந்தார். "பெட்டி இல்லண்ணே."

கேம்ப் வழக்கம் எனக்குத் தெரியாததா? ஏர்போர்ட்டில் புதுச் சாமான் என்று பிடித்துக்கொள்வார்களோ என்ற பயத்தில், வாங்கின அன்றே பெட்டியைத் தூக்கிப் போட்டு, மேலே உள்ள பிளாஸ்டிக் தாளை உரித்து, பழசு மாதிரி ஆக்கிவிடுவார்கள். ஒரு லேப்டாப்புக்கு ஒருத்தரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று நான் ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர் காதிலும் ஏறாது. செல்லையாவின் ரூம்காரர்கள் ஒரு படி மேலே போய், மூடியில் ஒரு முருகன் ஸ்டிக்கரை ஒட்டி, மூலையில் பேனாவால் "கருப்பையா" என்று வேறு எழுதியிருந்தார்கள். இப்படி ஆனதைக் கம்பெனி திரும்ப எடுக்காது.

நாங்கள் பேசுவதை எல்லாம் காக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அலமாரி விளிம்பைப் பார்த்தார், குறி இல்லை. பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அதே மாடலில் ஒன்றை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். ரப்பர் கால்களை நகத்தால் நெம்பி எடுத்து, அதற்கு அடியில் ஒளிந்திருந்த திருகாணிகளையும் கழற்றி, ஒரு பழைய பிளாஸ்டிக் கார்டை இடுக்கில் விட்டு ஓட்டினார். மூடி கையோடு வந்தது. உள்ளே, ஒரு கறுப்பு டேப்புக்கு அடியில், காலி ஸ்லாட் ஒன்று சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

மார்க்கரை எடுத்து அலமாரி விளிம்பில் வட்டம் போட்டார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஆனாலும் அந்த வட்டத்தைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"கட்டில் கிடைச்சிட்டுது. பெட்டி ஏன் ரொம்புச்சு?" என்றார் காக்கா. "வாங்கி மூணு வாரம்தானே ஆவுது. புள்ளையைக் கூப்பிடுங்கோ."

செல்லையா மகளை வீடியோவில் அழைத்தார். "ஆத்தா, லாரன்ஸ் பெரியப்பா பேசுறாரு" என்று போனை என்னிடம் கொடுத்தார். சின்ன முகம், பெரிய கண்ணாடி, அழுது முடித்த மூக்கு. எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்லச் சொன்னேன். ஒரு ஜிபிகூட இல்லை.

"சிஸ்டத்துக்குப் பாதி போனாலும் மீதி இருக்கணுமேம்மா. என்ன ஏத்தி வச்சிருக்க?"

அவள் கண்ணாடியைச் சரிசெய்தாள். செல்லையா கடையின் கூரையை ஆராய்ந்தார்.

"பெரியப்பா, நான் ஒண்ணும் ஏத்தல," என்றாள் கடைசியில். "வரும்போதே அப்படித்தான் வந்துச்சு."

கல்ஃபில் இருந்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஒருத்தன் ஊருக்குப் போகிறான் என்றால் ரூமே பார்சல் கட்டும். தைலம், சோப்பு, பால்பவுடர், அப்பாவுக்கு ஒரு டார்ச். கருப்பையாவின் பெட்டி எடை தாண்டிவிட்டது. அப்போது ரூமில் யாருக்கோ ஞானோதயம் வந்திருக்கிறது. லேப்டாப்புக்குள் எவ்வளவு வைத்தாலும் எடை கூடாதே! எட்டுப் பேரும் வரிசையில் நின்று ஏற்றியிருக்கிறார்கள். பீச்சுக்குப் போன போட்டோக்கள், கிரேன் மேல் இருந்து எடுத்த வீடியோ, அக்கா கல்யாணத்துக்கு என்று நாலு படங்கள். ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனி ஃபோல்டர். வீட்டுக்காரர்கள் வந்து பவித்ராவிடம் வாங்கிக்கொள்வார்கள் என்று ஏற்பாடு.

காக்கா சிரிக்க ஆரம்பித்தார். மூக்கில் இருந்து கண்ணாடி நழுவி, திறந்து கிடந்த லேப்டாப்புக்குள் விழுந்தது. அப்படி அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. நானும் சிரித்தேன், செல்லையாவும் சிரித்தார், போனில் அந்தப் பிள்ளையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தது.

"சரிம்மா, எல்லாத்தையும் அழிச்சிரு. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்" என்றேன்.

"அது எப்படி பெரியப்பா? அது என்னோடது இல்லையே." குரல் தணிந்திருந்தது, ஆனால் அசையவில்லை. "வேலு சித்தப்பா அவரு பாப்பாவுக்கு வாராவாரம் பேசிப் பேசி எடுத்தது அம்புட்டும் இதுலதான் இருக்கு. அங்க போன்லயும் இல்லையாம், இடம் பத்தலன்னு அழிச்சிட்டாராம்."

வேலு நாலு வருஷமாக ஊருக்குப் போகாதவர் என்று செல்லையா சொன்னார். அவர் வரும்போது மகளுக்கு ஒரு வயது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கட்டிலில் உட்கார்ந்து அவளோடு பேசுவது மாதிரி வீடியோ எடுப்பாராம். அழித்துவிடு என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்.

காக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "புள்ள சொல்றதுதான் சரி, லாரன்ஸ். நம்பிக் குடுத்த பொருள் அமானிதம். அதுல கை வைக்கக் கூடாது." உள்ளே போய் ஒரு எட்டு ஜிபி மெமரித் துண்டும், உள்ளங்கை அளவு ஒரு வெளி டிஸ்க்கும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தார். "இது கமுதி போய்ச் சேரணும். எப்படின்னு நீ பாத்துக்கோ. தப்பு உன்னோடதுதானே."

ஞாயிறு மாலையில் இருந்து திங்கள் மதியம் வரை நான் செய்தது ஒரே வேலைதான். மதுரைக்கு யார் போகிறார்கள் என்று துபாய் முழுக்க விசாரித்தேன். டீக்கடை, சலூன், நர்ஸம்மா ஜெசிந்தா, யாரையும் விடவில்லை. "செல்லையா ஊருக்குப் போய்க் குடும்பத்தோட இருக்கணும்னா இந்தத் துண்டு போய்ச் சேரணும்" என்று எல்லாரிடமும் சொன்னேன். அது உண்மைதான். கிளம்பும்போது செல்லையா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ ஒரு வேலையில ஏறிட்டான்னா நான் வந்துருவேன்ணே. பதினாறு வருஷம் ஆச்சு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் நேரம் இல்லை என்று திறந்து பார்க்காமல் விட்டது ஒரு மூடியை மட்டும் அல்ல என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

புதன்கிழமை விமானத்துக்கு ஒரு டிரைவர் கிடைத்தார். மெமரித் துண்டை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் வைத்து, டிஸ்க்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். மதுரையில் இறங்கியதும் கருப்பையா பைக்கில் வந்து வாங்கிக்கொண்டார். வியாழக்கிழமை பகல் முழுக்க பவித்ரா எட்டு ஃபோல்டர்களையும் டிஸ்க்குக்கு மாற்றினாள். ஒன்றையும் விடவில்லை, ஒவ்வொன்றையும் திறந்து ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் இங்கே அழித்திருக்கிறாள். இடம் பிறந்தது, அப்டேட்டும் இறங்கியது. இனி மெமரியைச் செருக வேண்டும்.

பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை எதுவும் இல்லை. "நீயே செய்" என்றேன். வெள்ளிக்கிழமை மதியம் நேரம் குறித்தோம். வெயில் காலத்தில் பன்னிரண்டரையில் இருந்து மூன்று மணி வரை வெளி வேலை கூடாது என்பது அங்கே சட்டம். செல்லையாவின் ஆட்கள் அந்த நேரத்தில் சைட்டில் நிழல் கொட்டகையில் படுத்திருப்பார்கள். அன்றைக்கு ஒருத்தரும் படுக்கவில்லை. செல்லையாவின் கையில் போன், பின்னால் ஆறு பேரின் முகம். நான் கடையில், எனக்குப் பின்னால் காக்கா. நடுவில் பவித்ரா, வாட்ச் ரிப்பேர்காரரிடம் இரவல் வாங்கிய திருப்புளியோடு.

ரப்பர் கால்களுக்கு அடியில் உள்ளதையும் சேர்த்துத் திருகாணிகளை வரிசையாகத் தட்டில் வைக்கச் சொன்னேன். கார்டை விட்டு ஓட்டச் சொன்னேன். மூடி வந்தது. முதலில் பேட்டரி வயரைப் பிடுங்கு என்றேன், பிடுங்கினாள். கறுப்பு டேப்பை உரித்தாள், ஸ்லாட் இருந்தது. கொட்டகையில் யாரோ "இருக்குடா, இருக்கு" என்றார்கள்.

"சாய்ச்சு உள்ள விடும்மா. அப்புறம் கீழே அமுத்து, ரெண்டு பக்கமும் கிளிப் பிடிக்கும்."

அமுக்கினாள். பிடிக்கவில்லை. மறுபடி அமுக்கினாள், ஒரு பக்கம் மட்டும் பிடித்தது. "உடைஞ்சிரும் பெரியப்பா" என்றாள். நான் எனக்குத் தெரிந்த வார்த்தை எல்லாம் சொன்னேன். அவள் கையை எடுத்துவிட்டாள்.

"ஆத்தா," என்றார் செல்லையா. "சாரத்துல ரெண்டு கம்பியச் சேத்துப் பிடிக்க கப்ளர் மாட்டுற மாதிரிதான் இதுவும். ஒரு பக்கம் பூட்டி ஒரு பக்கம் பூட்டலன்னா அது பூட்டே இல்ல. எடுத்துரு. முழுசா உள்ள தள்ளு. இப்ப ரெண்டு பெருவிரலையும் ரெண்டு ஓரத்துல வச்சு ஒரே நேரத்துல அமுத்து. பயப்படாத, நான் முப்பது மாடியில அப்படித்தான் பூட்டுறேன்."

டக் என்ற சத்தம் கமுதியில் இருந்து சைட்டுக்கும், அங்கிருந்து பர் துபாய்க்கும் கேட்டது.

பேட்டரி வயரை மாட்டி ஆன் செய்தாள். திரை கறுப்பு. பத்து விநாடி, இருபது விநாடி, கறுப்பு. கொட்டகையில் எல்லாரும் போனை நோக்கிக் குனிந்தார்கள். பவித்ரா கண்ணாடியைக் கழற்றிவிட்டாள். புது மெமரி போட்டால் முதல் தடவை அப்படித்தான் நேரம் எடுக்கும். இது எனக்கு நூறு தடவை தெரியும். அன்றைக்கு அடியோடு மறந்துபோய், கர்த்தரே, கர்த்தரே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். காக்காதான் என் தோளுக்கு மேலாக, "அது எண்ணிப் பாக்குதும்மா. பொறுங்கோ" என்றார்.

வெளிச்சம் வந்தது.

"எவ்வளவு காட்டுது?" என்றேன்.

"பன்னெண்டு பெரியப்பா. பன்னெண்டு ஜிபி."

அந்தப் பக்கம் ஒரே கூச்சல். ஹெல்மெட்டுகளைத் தட்டுகிறார்கள், ஒருவர் விசில் அடிக்கிறார். ஃபோர்மேன் குல்சார் கான், பெஷாவர்க்காரர், யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்து ஓடி வந்தார். என்ன ஆச்சு என்று, "க்யா ஹுவா, பாய்?" என்றார். செல்லையாவுக்கு இந்தி சுமார்தான். மகள் லேப்டாப், பன்னிரண்டு ஜிபி என்பதை "பேட்டி லேப்டாப், பாரா ஜிபி" என்று சொல்லி, பன்னிரண்டு விரல் காட்டப் பார்த்தார். குல்சார் கான் போனை வாங்கி, திரையில் இருந்த பெண்ணைப் பார்த்து சலாம் வைத்தார். பிறகு என்னிடம், அவருடைய மகனுக்கும் ஒன்று வேண்டும், எட்டு போதுமா என்று கேட்டார். சத்தியமாகக் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமைத் தேர்வில் தொடர்பு ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. அடுத்த சுற்றுக்கு மதுரை போனாள், அதற்கு அடுத்த சுற்றுக்குச் சென்னை. வேலை கிடைத்த செய்தியோடு செல்லையா கடைக்கு வந்தபோது மீனா பஜாரில் இருந்து ஒரு பெரிய லட்டுப் பெட்டி கொண்டு வந்தார். காக்கா அவரை நாற்காலியில் உட்கார்த்தி, லட்டை அவருக்கே முதலில் ஊட்டினார். நான் அன்றோடு என் வழக்கத்தில் ஒரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன். என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்பதற்கு முன்னால், யார் யார் சாமான் இதில் ஏறும் என்று கேட்பேன். பலர் முழிப்பார்கள். கேம்ப்காரர்கள் மட்டும் சிரித்துவிட்டு விரல் விட்டு எண்ணுவார்கள்.

போன வாரம் பவித்ரா சென்னையில் இருந்து கூப்பிட்டாள். செல்லையா ஊருக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு ஒரு லேப்டாப் வாங்க வேண்டும், மதுரைக்கு வர முடியுமா என்றாள்.

"அப்பாவுக்கா? படம் பாப்பான், உன்கூட வீடியோல பேசுவான். சின்னதே போதும்மா" என்றேன்.

"பெரியப்பா, கேள்வியை மறந்துட்டீங்க," என்றாள்.

"எந்தக் கேள்வி?"

"யார் யார் சாமான் ஏறும்னு." சிரிப்பு கேட்டது. "அந்த டிஸ்க் இன்னும் எங்க வீட்லதான் இருக்கு. வேலு சித்தப்பா இன்னும் சோனாப்பூர்லதான் இருக்காரு. நடுவுல ஒரு தடவை லீவுல வந்துட்டுப் போனாரு. அவரோட ஞாயித்துக்கிழமை வீடியோ இன்னும் வருது. அவரு பாப்பா எங்க வீட்டுக்கு வந்துதான் பாக்குது. பழைய லேப்டாப் ரொம்பிருச்சு."

மதுரையில் நாங்கள் போன கடையில் நாற்காலி இல்லை. கேட்டு வாங்கிப் போட்டேன். செல்லையா உட்கார்ந்தார். தலை நரைத்துவிட்டது, விரல்கள் மட்டும் அப்படியே, ஒவ்வொன்றும் கப்ளர் போல்ட் கனத்தில். டிஸ்க்கை மாட்டினோம். நான் காக்கா மாதிரியே, "ஒரு சாதாரண நாள்ல எதைத் திறப்பியோ எல்லாத்தையும் திற" என்றேன். மூன்று நாலு ஜன்னல் திறந்தார். கடைசியில் வேலுவின் ஃபோல்டரைத் திறந்து, முதல் வீடியோவின் மேல் ஒரு தட்டுத் தட்டினார்.

நான் திரையைப் பார்க்கவில்லை. "தங்கம், அப்பா பேசுறேன்" என்று வேலுவின் குரல் கேட்டது. செல்லையாவின் விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது, திரும்பக் கீழே இறங்கவில்லை.

"இதையே குடுத்துருங்க" என்றேன் கடைக்காரரிடம்.